டைப் 1 சர்க்கரை: முதல் மாதத்தில் பெற்றோருக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

பொதிகைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். குழந்தைகள் வார்டிலும் சர்க்கரைப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். பிள்ளைக்கு டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் சர்க்கரை நோய்) என்று தெரிந்ததும் பெற்றோர் கையில் கையேடு, இன்சுலின், மீட்டர், உணவு அட்டவணை என எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறோம். "வாழ்நாள் முழுக்க ஊசி" என்ற சொல்லுக்குப் பிறகு நாம் பேசியது எதுவும் அவர்கள் காதில் ஏறியிருக்காது. தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போன முதல் இரவே போன் வரும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நான்கு வேலைகள் மட்டும் கையில் பழகியிருந்தால் போதும் என்பது என் கருத்து. ஊசி போடுவது. விரலில் குத்தி சுகர் பார்ப்பது. 70-க்குக் கீழே போனால் என்ன கொடுப்பது. காய்ச்சல், வாந்தி என்றால் இன்சுலினை நிறுத்தாமல் உடனே நம்மைக் கூப்பிடுவது. மாவுச்சத்துக் கணக்கு, கண் பரிசோதனை, இன்சுலின் பம்ப், சுகர் சென்சார் எல்லாம் இரண்டாவது வாரத்துக்கு மேல் வரட்டும்.

இதை யார் ஏற்கிறீர்கள், யார் மறுக்கிறீர்கள்? ஒவ்வொரு வேலையிலும் எங்கே தவறு நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஊசிமுனை

நாலு வேலைங்கிறது சரி. அதுல ஊசியை முதல்ல வைங்க, ஏன்னா பயம் அங்கதான் உட்கார்ந்திருக்கு. பிள்ளைக்குப் போடச் சொல்றதுக்கு முன்னாடி, அம்மாவும் அப்பாவும் மருந்தில்லாத புது ஊசியைத் தங்கள் வயிற்றிலேயே ஒரு தடவை குத்திப் பார்க்கணும். எவ்வளவு சின்ன வலின்னு அப்பதான் உடம்புக்குத் தெரியும். அதுக்கப்புறம் கை நடுங்காது. ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டுப் போக விடாதீங்க. வீட்ல இருக்கிற ரெண்டு பெரியவங்க வார்டிலேயே ஆளுக்கு நாலு தடவையாவது போட்டிருக்கணும்.

கலங்கல் இன்சுலினும் (மெதுவா, நீண்ட நேரம் வேலை செய்யுறது) தெளிவான இன்சுலினும் (சீக்கிரம் வேலை செய்யுறது) சேர்த்துப் போடுற பிள்ளைகளுக்கு வரிசை முக்கியம். தெளிவு 4, கலங்கல் 6 யூனிட்னு வெச்சுக்கோங்க. கலங்கல் பாட்டிலை உள்ளங்கைக்கு நடுவுல இருபது தடவை உருட்டணும். குலுக்கக் கூடாது, நுரைச்சா அளவு தப்பும். கலங்கல் பாட்டில்ல 6 யூனிட் காத்து ஏத்திட்டு ஊசியை வெளியே எடுங்க. தெளிவுல 4 யூனிட் காத்து ஏத்தி, அப்படியே கவுத்து 4 யூனிட் மருந்தை இழுங்க. குமிழி இருந்தா தட்டி மேலே அனுப்புங்க. பிறகு கலங்கல்ல குத்தி மொத்தம் 10 வர்ற வரைக்கும் இழுங்க. தாண்டிப்போச்சுன்னா திருப்பி பாட்டிலுக்குள்ள தள்ளாதீங்க. சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க. தெளிவு பாட்டிலுக்குள்ள கலங்கல் ஒரு சொட்டு போனாலும் அந்தப் பாட்டில் கெட்டது.

சிரிஞ்சுன்னா தோலை ரெண்டு விரலால மடிச்சுப் பிடிச்சுப் போடணும். இன்சுலின் பேனாவும் 4 மி.மீ. ஊசியும்னா நேரா குத்தலாம், ரொம்ப ஒல்லிப் பிள்ளைன்னா அப்பவும் மடிப்பு வேணும். பேனாவை ஒவ்வொரு தடவையும் 2 யூனிட் காத்துல விட்டு, சொட்டு வருதான்னு பார்த்துட்டுப் போடுங்க. போட்டதும் பத்து எண்ணிட்டு எடுங்க.

இன்னொண்ணு, வீட்டுக்கு வர்ற மாமா, சித்தி எல்லாருக்கும் சொல்லிவைக்கணும். "சேட்டை பண்ணினா ஊசி போட்டுருவேன்"கிற பேச்சு இனிமே அந்த வீட்ல கூடாது. ஊசி தண்டனை இல்லைன்னு பிள்ளை நம்பினாத்தான் நாளைக்குத் தானே கையை நீட்டும்.

மருந்துக்கட்டு

ஊசி பற்றிப் பேசும்போது இதைச் சேர்க்காமல் விட முடியாது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வலிமையில் வருகிறது. மில்லிக்கு 40 யூனிட் ஒன்று, மில்லிக்கு 100 யூனிட் மற்றொன்று. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் "10" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது உயிராபத்து. மாறாக 40 பாட்டிலை ஆரஞ்சு மூடியில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும். இரண்டு நாளில் சுகர் 400-ஐத் தாண்டி நிற்கும், காரணம் யாருக்கும் புரியாது. ஊருக்குப் போன இடத்தில் அவசரமாக வேறு கடையில் வாங்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. கடைக்குப் போகும்போது காலி பாட்டிலையும் சிரிஞ்சு மூடியையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அடுத்து, வைக்கும் இடம். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜில். ஃப்ரீசரில் அல்ல, உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. திறந்தது வெயில் படாத, சூடேறாத இடத்தில் இருந்தால் சுமார் 4 வாரம் தாங்கும். திறந்த தேதியை பாட்டிலில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை நன்றாக வேலை செய்யும். பெரிய பானையில் மணல் போட்டுத் தண்ணீர் தெளித்து, அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மூடிய டப்பாவில் இன்சுலின். காற்றோட்டமான நிழலில் வைத்து மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவதுதான் மோசம். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் அங்கே இருந்தாலே மருந்தை நம்ப முடியாது. கலங்கல் இன்சுலின் உருட்டிய பிறகும் திரிதிரியாக இருந்தால், தெளிவானது மங்கியிருந்தால், கொட்டிவிடுங்கள்.

கரைமேல்_நிற்பவள்

நான் மனநல ஆலோசனைப் பக்கம். பொதிகைச்சாரல் சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஊசிக்கும் முன்னால் ஓர் அரை மணி நேரம் வேண்டும், அதில் எந்தக் கருவியும் மேசைமேல் இருக்கக் கூடாது.

காரணம் குற்ற உணர்ச்சி. கடந்த சில வாரங்களில் பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்திருக்கும். "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இதென்ன பழக்கம்" என்று திட்டியிருப்பார்கள், அடித்திருப்பார்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததை வெயிலின்மேல் போட்டிருப்பார்கள். மெலிந்ததை வளர்த்தி என்று நினைத்திருப்பார்கள். கழிப்பறையில் எறும்பு மொய்த்ததைக் கழுவிவிட்டிருப்பார்கள். நோயின் பெயர் தெரிந்த அன்று இவை எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும். நாம் ஊசி முனையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா, தான் அடித்த அடியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "இனிப்பு கொடுத்ததால் வரவில்லை, நீங்கள் எதையும் செய்யாமல் விட்டதாலும் வரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. யாராலும் தடுத்திருக்க முடியாது." இதைத் தாத்தா பாட்டியையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். "எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல" என்ற ஒரு வாக்கியம் பல வீடுகளில் மருமகளைத் தனியாக்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, இது வேறு என்பதை மருத்துவர் வாயால் கேட்டால்தான் அவர்கள் ஏற்பார்கள்.

பிள்ளைக்கும் சொல்ல வேண்டும், வயதுக்கேற்ப. நான்கு வயதுக் குழந்தை தான் செய்த தப்புக்குத்தான் ஊசி என்று நினைத்துக்கொள்ளும். "உன் வயித்துக்குள்ள ஒரு மருந்து ஊறணும், அது ஊறல, அதனால வெளிய இருந்து போடுறோம்" என்றால் போதும். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொய் ஆறு மாதத்தில் உடையும்.

பொதிகைச்சாரல்

ஏற்கிறேன். அந்த அரை மணி நேரத்தை முதலில் வைத்துவிட்டு நான்கு வேலைகளையும் மறுநாள் காலையிலிருந்து தொடங்கலாம். நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றி யாராவது மருத்துவர் விரித்து எழுதினால் நல்லது. "தேனிலவுக் காலம்"தான் பெற்றோரைப் பெரிதும் ஏமாற்றுகிறது.

குழந்தைநலம்

எழுதுகிறேன். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் சற்று ஓய்வு கிடைத்து மறுபடி சுரக்கத் தொடங்கும். தேவை சட்டென்று குறையும். பருவமடையாத பிள்ளைக்குப் பொதுவாக நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை தேவைப்படும், இந்தக் காலத்தில் 0.5-க்கும் கீழே இறங்கலாம். சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை நீடிக்கும், பிறகு முடிந்துபோகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்த நேரத்தில் பெற்றோர் தொடங்கியிருக்கும் கஷாயத்துக்கோ நேர்த்திக்கடனுக்கோ பலன் கிடைத்துவிட்டது என்று நம்பி ஊசியை நிறுத்திவிடுவார்கள். சில நாளில் கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும் ஆபத்தான நிலை) பிள்ளை திரும்பி வரும். வயிற்றுவலி, வாந்தி, ஆழமாக வேகமாக மூச்சு, வாயில் பழ வாடை, மயக்கம்.

நம்பிக்கையைக் கேலி செய்து பயனில்லை. கோயிலுக்குப் போங்கள், விபூதி பூசுங்கள், இன்சுலினை மட்டும் ஒரு வேளையும் விடாதீர்கள் என்று சொன்னால் கேட்பார்கள். இன்சுலின் வருவதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்தார்கள். உணவைக் குறைத்துப் பட்டினி போட்டு நாட்களை நீட்டியதைத் தவிர மருத்துவத்திடம் வேறொன்றும் இருக்கவில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியாகச் சுத்திகரிக்கப்படாததால் பெரிய பலன் இல்லை. ஜனவரி 23 அன்று மேலும் சுத்தப்படுத்தியதைப் போட்டபோதுதான் சுகர் இறங்கியது. அதன்பின் அவர் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். தயங்கும் தாத்தாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், காது கொடுப்பார்கள்.

காய்ச்சல் நாட்களுக்கு ஒரே விதி: பிள்ளை சாப்பிடாவிட்டாலும் நீண்டநேர இன்சுலின் நிற்கக் கூடாது. உடம்பு சரியில்லாதபோது தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர், சிறுநீரில் கீட்டோன் பட்டை, நிறையத் தண்ணீர். வாந்தியால் சுகர் இறங்கினால் அளவைக் குறைப்போம், நிறுத்தமாட்டோம். எவ்வளவு என்பதைப் போனில் கேட்டுச் செய்யட்டும். கீட்டோன் நிறம் கருஞ்சிவப்புக்குப் போனாலோ வாந்தி நிற்காவிட்டாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தராசுத்தட்டு

உணவை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளினாலும் முதல் நாளே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டாம். வீடே ஒரே சாப்பாடு. தம்பிக்கு இட்லி, அக்காவுக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி என்று போனால் ஒளித்துச் சாப்பிடும் பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு சமையலறைத் தராசு வாங்கச் சொல்லுங்கள். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 20 கிராம் கோதுமை மாவில் போட்ட சப்பாத்தியில் சுமார் 14. பால் 200 மில்லியில் 10 கிராம் அளவு. இட்லிக்கு வீட்டு வீடு குழி வேறு, அதனால் பொது எண்ணை நம்பாமல் உங்கள் வீட்டு இட்லியையே எடை போடுங்கள். ஒரு வாரம் அதே கரண்டியால் அள்ளி எடை போட்டால், அப்புறம் கண்ணே கணக்குச் சொல்லிவிடும்.

கேழ்வரகு, தினை, சாமை என்றால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை மிகவும் தொல்லை. அரிசியோடு ஒப்பிட்டால் அவற்றின் மாவுச்சத்து கொஞ்சம்தான் குறைவு. கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். நல்ல உணவுதான், ஆனால் இன்சுலின் கணக்கில் வரும் உணவு.

கணக்குப் போட்டு ஊசி போடும் முறைக்கு மருத்துவர்கள் 500 என்ற எண்ணிலிருந்து தொடங்குவார்கள். நாளுக்கு மொத்தம் 25 யூனிட் என்றால் 500-ஐ 25-ஆல் வகுத்து, ஒரு யூனிட்டுக்கு 20 கிராம் மாவுச்சத்து. இது தொடக்கம் மட்டுமே. சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் அதே இட்லிக்குக் கூடுதல் யூனிட் கேட்கும். சாதாரணத் தெளிவு இன்சுலினும் கலங்கலும் போடும் முறையில் கதை வேறு: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி, 11 மணிக்குச் சிற்றுண்டி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதில் ஒன்றைத் தவறவிட்டால் லோ ஆகும், அதாவது சுகர் 70-க்குக் கீழே இறங்கும்.

மருந்துக்கட்டு

லோவுக்கு வீட்டில் பெரும்பாலும் சாக்லேட்தானே கொடுக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

ஊசிமுனை

சாக்லேட் வேண்டாம். அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொடிதான் சிறந்தது. எடையில கிலோவுக்கு 0.3 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9, 50 கிலோவுக்கு 15. அந்த நேரத்துல கரண்டியைத் தேடி அளக்க முடியாது. முன்னாடியே எடை போட்டு, மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி காகிதத்துல மடிச்சு வைங்க. ஒண்ணு தலையணைக்குப் பக்கத்துல, ஒண்ணு ஸ்கூல் பையில, ஒண்ணு டீச்சர் மேசையில, ஒண்ணு அப்பா வண்டியில. பொடி இல்லாத இடத்துல சாதாரண சர்க்கரை, தலைதட்டின தேக்கரண்டி ஒண்ணு சுமார் 4 கிராம். தண்ணியில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சுப் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழேன்னா மறுபடி அதே அளவு.

இங்க நடக்கிற தப்பு, பயத்துல மூணு தடவை கொடுத்திடுறது. ஒரு மணி நேரத்துல 350 காட்டும், அதுக்கு ஊசி, மறுபடி லோ. 15 நிமிஷம் காத்திருக்கிறதுதான் இதுல ரொம்பக் கஷ்டமான வேலை. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பிள்ளையை மடியில வெச்சுக்கச் சொல்லுங்க.

நினைவில்லைன்னா, வலிப்பு வந்தா, வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, குளுக்ககான் ஊசி (சுகரை ஏத்துற மருந்து) கையில இருந்தா 25 கிலோவுக்குக் கீழே 0.5 மி.கி., மேலே 1 மி.கி. போட்டுட்டு 108-ஐக் கூப்பிடணும்.

சுகர் பார்க்கிறதுலயும் ஒரு விஷயம். விரலை ஸ்பிரிட்டால துடைக்கிறதைவிட சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சாப் போதும். மாம்பழம் தின்ன கையோட குத்தினா மீட்டர் 300 காட்டும். குத்துறது விரல் நுனியோட பக்கவாட்டுல, நடுவுல இல்லை.

குழந்தைநலம்

ஊசியைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றி இங்கே கேட்டு ஒரு முடிவுக்கு வரலாமா? ஒரு முறைக்கு ஒரு ஊசி என்பதுதான் சரி. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு ஊசி, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் ஐந்து என்பது கூலிவேலைக் குடும்பத்துக்கு என்ன செலவு என்பதும் தெரியும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம், ஸ்ட்ரிப் பெரும்பாலும் கைக்காசு.

ஊசிமுனை

புத்தகத்துல உள்ளதை மட்டும் சொன்னா அவங்க நம்மகிட்ட மறைப்பாங்க. அதனால நான் சொல்றது: முடிஞ்சா ஒண்ணுக்கு ஒண்ணு. முடியலன்னா அதே பிள்ளைக்கு மட்டும் ரெண்டு, மூணு தடவை. ஸ்பிரிட்டால துடைக்காதீங்க, வழவழப்புப் பூச்சு போயிடும். மூடி போட்டு வைங்க. முனை வளைஞ்சா, வலி கூடினா, ரத்தம் வந்தா உடனே மாத்துங்க. ஸ்ட்ரிப்ல மிச்சம் பிடிச்சு ஊசியில செலவு பண்ணாதீங்க, ரெண்டுல ஸ்ட்ரிப்தான் உயிர்.

இடத்தை மாத்துறதை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒரே இடத்துல போட்டா கொழுப்புக் கட்டி வரும். அங்க வலிக்காதுன்னு பிள்ளையும் அதையே காட்டும். ஆனா மருந்து சரியா உறிஞ்சாது. விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போடுங்க, வாரம் ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க.

போட்ட ஊசியைக் குப்பையில வீசாதீங்க, எடுக்கிற தூய்மைப் பணியாளர் கையில குத்தும். கெட்டியான எண்ணெய் கேன்ல சேர்த்து மருத்துவமனையில கொடுங்க.

வகுப்பறை_வாசல்

ஆசிரியர்கள் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். மறைக்காதீர்கள். "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்" என்று பள்ளிக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் அழும் பிள்ளையைச் சேட்டை என்று நினைத்து வெளியே நிற்கவைத்தால் என்ன ஆகும்?

ஒரு பக்கத் தாள் போதும். மேலே படம், கீழே பெற்றோரின் இரண்டு எண்கள், லோ ஆனால் இந்தப் பிள்ளை எப்படித் தெரியும், பொட்டலம் எங்கே இருக்கிறது, கேட்டால் உடனே கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் விட வேண்டும், லோ நேரத்தில் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், வேன் ஓட்டுநர் மூவருக்கும் கொடுங்கள். சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக இப்பிள்ளைகளை அனுமதித்துவிட்டது. மற்ற பள்ளிகளில் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கரைமேல்_நிற்பவள்

ஊருக்கே அறிவிக்க வேண்டியதில்லை, பிள்ளையோடு நேரம் கழிக்கும் எல்லாருக்கும் தெரிந்தால் போதும் என்று நான் பிரித்துச் சொல்வேன். யாரிடம் சொல்வது என்பதில் பிள்ளைக்கும் ஒரு குரல் இருக்கட்டும்.

பொதிகைச்சாரல்

விளையாட்டு ஆசிரியரைச் சொன்னதால் ஒன்று. மாலையில் நன்றாக ஓடி விளையாடிய நாளில் லோ அப்போதே வராமல் 7 முதல் 11 மணி நேரம் கழித்தும் வரும், அதாவது நடு இரவில். விளையாட்டு விழா நாளில் படுக்கும் முன்னும் இரவு 2 அல்லது 3 மணிக்கும் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. மூன்றாவது மாதத்தில் முதல்முறை எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கும்போது, வீட்டில் சுகர் எழுதும் நோட்டில் எல்லாம் 110, 120, 130. ரிசல்ட்டோ 10 சதவீதம், நோட்டு சொல்வதைவிட மிக அதிகம். இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

கரைமேல்_நிற்பவள்

நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். உண்மையான நோட்டில் மை மாறும், ஓரத்தில் ரத்தக் கறை இருக்கும், 67-ம் 243-ம் கிறுக்கலாக இருக்கும். வரும் வழியில் பஸ்ஸில் எழுதிய நோட்டு ஒரே பேனாவில், எல்லா எண்ணும் 0-விலும் 5-இலும் முடியும். அதைப் பிடித்துக் காட்டி அவமானப்படுத்தாதீர்கள். வீட்டில் அந்த எண்களை யார் எப்படி வரவேற்கிறார்கள் என்று கேளுங்கள். 280-ஐப் பார்த்து "என்னத்தத் தின்ன?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த 280 நோட்டில் வராது. "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்கப் பழக்குங்கள். நல்ல சுகர், கெட்ட சுகர் என்று நாமும் சொல்லக் கூடாது.

அந்த நோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் தூங்காத ஓர் அம்மா இருக்கிறாள். மூன்று மாதம் ராத்திரி 3 மணிக்குத் தனியாக எழுந்தவள். ஆகவே டிஸ்சார்ஜ் நாளிலேயே ஒரு தாளில் இரவுகளைப் பிரித்து எழுதிக் கொடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு அலாரம் அப்பாவின் போனில் மட்டும். அன்று அம்மா வேறு அறையில் தூங்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் கேட்டு அவளே எழுவாள். மாதம் ஒரு நாள் தாத்தாவோ அத்தையோ முழுப் பொறுப்பு எடுக்கட்டும், அதற்கு அவர்களுக்கும் ஊசி தெரிந்திருக்க வேண்டும்.

ஊசிமுனை

பிள்ளைகிட்ட ஒப்படைக்கிறதையும் இதோட சேர்த்துக்கோங்க, பெற்றோர் அவசரப்படுறது அங்கயும்தான். நாலு, அஞ்சு வயசுல எந்த விரல்னு பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். எட்டு, பத்து வயசுல தானே குத்திப் பார்க்கும். பத்துக்கு மேல ஊசி போட்டுக்கும், பக்கத்துல பெரியவங்க அளவைப் பார்த்துட்டுத் தலையாட்டின பிறகு. கணக்கை மட்டும் பதினஞ்சு, பதினாறு வரைக்கும் சேர்ந்தே போடுங்க. "பெரியவளாயிட்டா, அவளே பார்த்துக்குவா"ன்னு பன்னிரண்டு வயசுல விட்டா, பருவ வயசுல தேவை கிலோவுக்கு 1 யூனிட்டைத் தாண்டுற அதே நேரத்துல ஊசி விட்டுப்போகும். நோட்டை அவ எழுதட்டும், மீட்டரோட மெமரியை ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் உட்கார்ந்து பாருங்க.